ஃபோர்ட் வீதியில் ஒரு கடற்கரை

இருபத்துமூன்று.

மறுபடியும் எண்ணினேன். தொப்பி போட்டவர்களை முதலில், போடாதவர்களைப் பிறகு. அப்போதும் இருபத்துமூன்றுதான் வந்தது. காலையில் கப்பலிலிருந்து இறங்கி என் பின்னால் நடந்தவர்கள் இருபத்துநான்கு பேர்.

ஆக்லாந்து துறைமுகத்தின் இரும்பு வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பிற்பகல் மூன்றரை மணி. வாசலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வெள்ளைக் கப்பல், பத்து மாடிக் கட்டடம் ஒன்று மிதந்து வந்து நின்றதைப் போல. நாலரைக்குப் படிக்கட்டை எடுத்துவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும். யார் வரவில்லை என்று அது பார்த்துக்கொண்டு நிற்காது.

குமரேசன் வேனை ஓரமாக விட்டுவிட்டு வந்தார். கால் இயலாத பயணிகளை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. தமிழ்நாட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது, வீடு நகரத்துக்கு மேற்கே மாசி என்ற இடத்தில்.

“என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒரு ஆள் குறையுது தம்பி.”

அவர் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். எண்ணவில்லை. “அந்த சேலத்தம்மாவக் காணோம்கா. சிவப்புக் கோட்டு போட்டிருந்தாங்களே, அவங்க.”

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையோடு என் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. இந்த நாட்டில் அந்த மூன்று மாதத்துக்குள் பிடிக்காவிட்டால் ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். நகரத்தைச் சுற்றிக்காட்டப் போன இடத்தில் ஒரு மனுசியைத் தொலைத்தவளைப் பிடிக்க யாருக்கும் காரணம் இராது.

பெட்டி கட்டியவள் வழிகாட்டியானது

இந்தத் தொடரைக் கிழமைக்குக் கிழமை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் மனுரேவாப் பக்கம் ஒரு கிடங்கில் பதினொரு வருடம் பெட்டி கட்டியவள். இன்றைக்குத்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: பெயர் பிலோமினா, ஊர் மன்னார், அப்போது வயது ஐம்பத்தாறு. கிடங்கு வேறு நகரத்துக்குப் போய்விட்டது. நான் போகவில்லை.

வேலை இல்லாத நாட்களில் மனுகாவில் கணினி வகுப்புக்குப் போனேன். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு சின்னக் காகிதம். கப்பல் பயணிகளுக்கு நடந்தே நகரத்தைக் காட்ட ஆள் தேவை, கதைக்க விருப்பம் உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“உனக்கெண்டே எழுதிப் போட்டிருக்கினம்,” என்றார் என் மனுசன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளியம்மா கெரி. ஒல்லி, வேகம், எந்நேரமும் காதில் தொலைபேசி. நேர்முகத்தை நடந்துகொண்டே நடத்தினார். மேடு ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். கிடங்கில் பதினொரு வருடம் நடந்தவளுக்கு அந்த மேடு என்ன மேடு. இறங்கும்போது வேலை கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஆறு பக்கத்தைக் கையில் தந்தார்.

“இதில் உள்ளதைச் சொன்னால் போதும். காசு கொடுத்து எழுதுவித்தது. வரி மாறக் கூடாது.”

(கெரியும் பயணிகளும் கதைத்தது ஆங்கிலத்தில். அதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் தருகிறேன். குமரேசனும் நானும் மட்டும் அவரவர் தமிழில்.)

மனுரேவாவிலிருந்து நகரத்துக்கு வரும் ரயிலில் ஆறு பக்கத்தையும் பாடமாக்கினேன். உதடு அசைவதைப் பார்த்து, எதிரே இருந்த சமோவா அம்மா ஒருவர் நான் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தானும் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. செபம் தேவையான நிலையில்தான் இருந்தேன்.

முதல் பக்கத்தின் தொடக்கம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ‘இங்கே ஆளில்லாத ஒரு குடா இருந்தது. பெரணிச் செடியும் பற்றைக் காடும் தவிர வேறு ஒன்றுமில்லை. ஆளுநர் கப்பலில் வந்தார். கொடி ஏற்றினார். ஒரு நகரம் பிறந்தது.’

சொல்ல நல்ல வசதியான வரிகள். ‘கொடி ஏற்றினார்’ என்னும்போது கையைத் தூக்குவேன். எல்லாரும் மேலே பார்ப்பார்கள்.

இரண்டு சேலம்

அன்று காலை பயணிகள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊரைச் சொன்னார்கள். கெரி வைத்த வழக்கம் அது. அமெரிக்கர்கள் நாட்டைச் சொல்லமாட்டார்கள், ஊரைத்தான் சொல்வார்கள், உலகத்துக்கே அது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில். சிவப்புக் கோட்டு அம்மாவின் முறை வந்தது. எழுபது வயதிருக்கும், வெள்ளை முடி, கையில் மடித்த பழைய வரைபடம் ஒன்று.

“ரூத். சேலம்,” என்றார்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குமரேசன் அப்படியே திரும்பினார்.

“அக்கா, இவங்க என்ன சொன்னாங்க?”

“சேலமாம்.”

“எங்க ஊரா?” பிறகு ரூத்தைப் பார்த்து ஆங்கிலத்தில், “அம்மா, நானும் சேலம்தான். அங்கே எந்தப் பக்கம்?” என்றார். முகத்தில் நூறு வாட் வெளிச்சம்.

ரூத்துக்கும் அதே வெளிச்சம். இரண்டு பேரும் தெருப் பெயர்களை மாறி மாறிச் சொல்லி, ஒன்றும் ஒத்துவராமல், கடைசியில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ரூத்தின் சேலம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தது. குமரேசனுடைய சேலத்தில் கடலே இல்லை.

“எங்கள் ஊரில் மாம்பழம்தான் பிரபலம், அம்மா. உங்கள் ஊரில்?”

“சூனியக்காரிகள்,” என்றார் ரூத். பிறகு பெருமூச்சு விட்டார். “முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாவப்பட்ட சனங்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர் என்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊரைக் கட்டியது மிளகு. அதைக் கேட்க ஒருவரும் இல்லை.”

நடந்துகொண்டே பெயர்க் காரணத்தையும் சொன்னார். முதலில் கொஞ்சம் மீன்பிடிகாரர் வந்து குடியேறினார்களாம். இரண்டு வருடத்தில் இங்கிலாந்திலிருந்து இன்னொரு கூட்டம் வந்து, இனி எல்லாம் எங்கள் பொறுப்பு என்றதாம். முந்தி வந்தவர்களுக்கும் பிந்தி வந்தவர்களுக்கும் பெரிய பிரச்சினை. ஒருவாறு பேசித் தீர்த்த பிறகு, அந்த நினைவாக வைத்த பெயர் சேலம். பழைய ஏற்பாட்டு மொழியில் சமாதானம் என்று பொருள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்லாந்தில் தமிழருக்கு எத்தனை சங்கம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதி அச்சாவதற்குள் இன்னொன்று வந்துவிடும். எல்லாம் முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் பிரச்சினைதான். ஒரு பொங்கல் விழாவில் மேடையில் யார் விளக்கேற்றுவது என்று இரண்டு கூட்டம் பட்ட பாட்டில் திரி எண்ணெய் குடித்து முடிந்துவிட்டது. நாங்கள் மட்டும் ஏன் இப்படி என்று பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். நாங்கள் மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாளில் இல்லாத கரை

ஃபோர்ட் வீதி குவீன் வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்னத் தெரு. அதில் கண்ணாடி முகப்பு வைத்த ஓர் அலுவலகக் கட்டடம். அதன் எதிரில் நடைபாதை அகலம் என்பதால் முதல் பக்கத்தை நான் எப்போதும் அங்கேதான் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். கையைத் தூக்கினேன். எல்லாரும் மேலே பார்த்தார்கள். ரூத் மட்டும் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிலோமினா, கப்பல் வந்து நின்ற குடா எங்கே?”

“அதோ, துறைமுகம் பக்கம்,” என்று வந்த வழியைக் காட்டினேன்.

அவர் வரைபடத்தை விரித்தார். அதில் சிவப்புப் பென்சிலால் ஒரு வளைந்த கோடு. “நாம் துறைமுகத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்தோமே, அது முழுக்கக் கடலாக இருந்ததாமே. பழைய கரை எங்கே இருந்தது?”

ஆறு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். பழைய கரை எந்தப் பக்கத்திலும் இல்லை.

“மன்னியுங்கள், என் தாளில் அது இல்லை,” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன பிறகு அது எவ்வளவு மடைத்தனமான பதில் என்று எனக்கே கேட்டது. ரூத் வரைபடத்தை மடித்துக்கொண்டார். ஒன்றரை மணிக்கு எல்லாரையும் சாப்பிடவும் கடை பார்க்கவும் விட்டேன். மூன்றரைக்குத் துறைமுக வாசல் என்று மூன்று தரம் சொன்னேன்.

காவலாளி சொன்னது

கெரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பயணிகள் பட்டியலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மற்ற இருபத்துமூன்று பேரையும் உள்ளே அனுப்புங்கள். கப்பல்காரருக்கு நான் சொல்கிறேன். அவரைக் கண்டுபிடியுங்கள்,” என்றார். வைப்பதற்கு முன், “எங்கே தேட வேண்டும் என்று தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன். பொய்.

குமரேசனை வாசலில் நிறுத்திவிட்டு ஃபோர்ட் வீதிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்த மனுசி ஒரு கேள்வி கேட்டது அங்கேதான். பதில் கிடைக்காதவர் கேட்ட இடத்துக்குத்தான் திரும்பி வருவார் என்று ஒரு நினைப்பு.

கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு காவலாளி இருப்பார். மாவோரிக்காரர், என் வயதுதான், அகன்ற தோள், சட்டையில் ஹேமி என்று பெயர்ப்பட்டி. கிழமைக்கு நாலு நாள் அவர் கதவுக்கு முன்னால் நின்று கதைத்தும் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

“சிவப்புக் கோட்டு,” என்று தொடங்கினேன்.

“ரூத்தா? அரை மணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். நல்ல கேள்விகள்.”

“எங்கே போனார்?”

“கரையோரமாகப் போனார்.”

“துறைமுகப் பக்கமா?”

“இல்லை. பழைய கரை.”

அவர் வெளியே வந்து நடைபாதையில் சப்பாத்து முனையால் ஒரு கோடு இழுத்தார். கடல் இதுவரைக்கும் வந்தது, என்றார். இந்தத் தெருவின் முதல் பெயர் ஃபோர் வீதி, கடல் முகப்பு வீதி என்ற கருத்தில். பிறகுதான் ஃபோர்ட் ஆனது. அந்தப் பக்கம், இப்போது குவீன் வீதி இருக்கிற இடத்தில், ஓர் ஆறு வந்து விழுந்தது. அதை முதலில் வாய்க்கால் ஆக்கினார்கள், நாறியது. பிறகு மூடினார்கள். இன்றைக்கும் வீதிக்குக் கீழே ஓடுகிறது.

“இங்கே எங்கள் ஆட்களின் வள்ளங்கள் வந்து ஏறும். உருளைக்கிழங்கு, மீன், பீச் பழம், பன்றி எல்லாம் கொண்டு வந்து விற்றார்கள். கப்பலில் வந்த புது ஊர்க்காரர் முதல் வருடங்களில் சாப்பிட்டது அதைத்தான்.”

கிழக்கே ஒரு பெரிய கடல்முனை நின்றதாம். துறைமுகம் வளர வளர அதை வெட்டி வெட்டிக் குடாவுக்குள் கொட்டினார்கள். நான் தினமும் நடக்கிற நிலம் முழுக்க அந்த மண். மிஞ்சியது மேலே எமிலி பிளேஸில் ஒரு துண்டு மேடு.

“அங்கேதான் போகச் சொன்னேன்,” என்றார்.

நன்றி சொல்லித் திரும்பினேன். “ஒன்று சொல்லட்டுமா? கோபிக்கக் கூடாது,” என்றார் பின்னால்.

“சொல்லுங்கள்.”

“‘இங்கே ஆளில்லை’ என்று கிழமைக்கு நாலு தரம் என் கதவுக்கு முன்னால் நின்று சொல்கிறீர்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.” கொஞ்சம் யோசித்தார். “நன்றாகத்தான் சொல்கிறீர்கள். குரல் நல்ல தெளிவு.”

அவர் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் திரும்ப ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாக ஒரு மனிதரின் வாசலில் நின்று, அவர் முகத்துக்கு நேரே, உங்கள் ஆட்கள் இருக்கவேயில்லை என்று கையைத் தூக்கிச் சொல்லியிருக்கிறேன். மணி நாலுக்குப் பத்து நிமிடம். மேட்டைப் பார்த்து ஓடினேன்.

கருவாட்டில் தொடங்கிய ஊர்

எமிலி பிளேஸில் ஒரு சரிவான சின்னப் பூங்கா. வயதான பொஹுதுகாவா மரங்கள் தரையோடு கிளை பரப்பிக் கிடக்கும். அதில் ஒன்றின் கீழே, மர வாங்கில் உட்கார்ந்தபடி, சிவப்புக் கோட்டு.

ஒரு சப்பாத்து காலில், மற்றது மடியில். கணுக்கால் பேக்கரிப் பணிஸ் மாதிரிப் பொங்கியிருந்தது. வேரில் கால் தடக்கி விழுந்தாராம். தொலைபேசி கப்பல் அறையில். போகிற வருகிற யாரிடமாவது உதவி கேட்டிருக்கலாமே என்றேன்.

“இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேர் காதிலும் பாட்டு,” என்றார்.

காலை என் பையின் மேல் தூக்கி வைத்தேன். குமரேசனுக்கு அழைப்பு எடுத்தேன்.

“வேனைக் கொண்டு வாங்கோ தம்பி, எமிலி பிளேஸ்.”

“வர முடியாதுக்கா, அந்தப் பக்கம் ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க.”

ஆக்லாந்தில் அது செய்தியே இல்லை. நடந்து வாங்கோ, ஆனால் சில்லு வைத்த ஏதாவது கொண்டு வாங்கோ, வழியில் ஃபோர்ட் வீதியில் ஹேமி என்று ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கோ என்றேன். மருத்துவ நிலையத்துக்குப் போவோமா என்று ரூத்திடம் கேட்டேன்.

“கப்பலில் மருத்துவர் இருக்கிறார். கப்பல் போய்விட்டால்தான் எனக்கு மருத்துவம் தேவைப்படும்.”

அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவருடைய ஊரின் முழுக் கதையும் வந்தது. முதலில் வந்த மீன்பிடிகாரர் வேறொரு முனையில் இறங்கிப் பார்த்தார்களாம். பாறையும் குளிரும், ஒன்றும் சரிவரவில்லை. அங்கிருந்து காற்று ஒதுங்கிய ஒரு குடாவுக்கு இடம் மாறினார்கள். அதற்கு அங்கே இருந்த சனங்கள் வைத்திருந்த பெயர் நௌம்கீக். முதல் வியாபாரம், பிடித்த மீனை உப்புப் போட்டுக் காயவைத்து விற்றது.

“கருவாடு,” என்றேன். எனக்கு அந்த ஊர் உடனே பிடித்துவிட்டது. மன்னாரில் பிறந்தவளுக்குக் கருவாட்டில் தொடங்கிய ஊரைப் பிடிக்காமல் எப்படி.

கருவாட்டுக் காசில் கப்பல் கட்டினார்கள். கப்பல் பெரிதாகி, தூரம் போய், சுமாத்திராவில் மிளகு ஏற்றியது, எங்கள் பக்கம் மதராஸ் வரை வந்து துணி ஏற்றியது. மாளிகைகள் எழும்பின. கடலுக்குள் நீட்டி மேடை கட்டினார்கள். பிறகு கப்பல்கள் இன்னும் பெரிதாகின, குடாவின் ஆழம் போதவில்லை, வியாபாரம் பக்கத்துப் பெரிய துறைமுகத்துக்குப் போய்விட்டது. மிளகால் எழும்பிய ஊர் இன்றைக்குச் சூனியக்காரித் தொப்பி விற்றுப் பிழைக்கிறது.

“அந்த நௌம்கீக் சனங்கள்?” என்று கேட்டேன்.

ரூத் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கப்பல்கள் கொண்டு வந்த நோயில் முக்கால்வாசிப் பேர் முன்னமே செத்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஊர் கட்டி அறுபது வருடம் கழித்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கொஞ்சக் காசு கொடுத்து, நிலம் எங்களுடையது என்று கையெழுத்து வாங்கினார்கள்.”

மடியிலிருந்த சப்பாத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள், பிலோமினா. ‘ஆளில்லாத கரை’ என்று எங்கள் புத்தகத்திலும் ஒரு வரி இருந்தது. முப்பத்திரண்டு வருடம் அதை வகுப்பில் வாசித்தேன். நன்றாக வாசிப்பேன்.”

“எப்போது நிறுத்தினீர்கள்?”

“ஓய்வு பெற்ற பிறகு.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார், “நீங்கள் கப்பலில் வந்தீர்களா?”

இந்த நாட்டுக்கு விமானத்தில், ஒழுங்கான விசாவோடு வந்தேன் என்றேன். ஆனால் அதற்கு நெடுநாள் முன்பு, சண்டை நடந்த காலத்தில், ஒரு தரம் வள்ளத்தில் போனவள்தான். தலைமன்னாரிலிருந்து இந்தியக் கரைக்கு. வள்ள ஓட்டி எங்களை விடியற்காலையில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பதினான்கு பேர், ஒரு போத்தல் தண்ணீர், அதுவும் முடிந்துவிட்டது. வெயில் ஏறி உச்சிக்கு வந்த நேரம், தனுஷ்கோடிப் பக்கத்து மீன்பிடிகாரர் நாலு பேர் வலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் குடத்தைச் சரித்து என் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார். “மெல்லக் குடி தாயி,” என்றார்.

அந்தக் கரையில் ஆள் இருந்தபடியால்தான் நான் இருக்கிறேன். அந்த நாலு பேரையும் இருக்கவேயில்லை என்று நாளைக்கு ஒருவர் எங்காவது நின்று கையைத் தூக்கிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்.

கதிரை ஊர்வலம்

மேட்டில் கடகடவென்று சத்தம் கேட்டது. குமரேசன் ஒரு சுழல் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். கறுப்பு, ஐந்து சில்லு, கை வைக்க இடம்.

“அந்தக் காவலாளி தன்னோட சேரையே குடுத்துட்டார்கா. அஞ்சு மணிக்குள்ள வரணுமாம், அதுவரைக்கும் அவர் நிக்கணும்.”

ரூத்தை இருத்தினோம். என் சால்வையால் இடுப்பைக் கதிரையோடு சேர்த்துக் கட்டினேன். ஏறும்போது சொன்னபடி கேட்ட கதிரை, இறங்கும்போது கேட்கவில்லை. தனக்கென்று ஒரு பாதை வைத்திருந்தது. குமரேசன் முன்னால் பின்பக்கமாக நடந்து இரண்டு கையாலும் தாங்கினார். நான் பின்னால் கதிரையின் முதுகைப் பிடித்து இழுத்தேன். நடுவில் ரூத், வரைபடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “இடது, இடது,” என்று கப்பல் தலைவரைப் போல.

மேட்டின் அடியில் வீதி வேலை செய்த ஆட்கள் கூம்புகளைத் தூக்கி வழி விட்டார்கள். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றி வணக்கம் வைத்தார். சுற்றுலா வந்த சீனக் குடும்பம் ஒன்று படம் எடுத்தது. எந்த ஊரில் யாருடைய தொலைபேசியில் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கு இருக்கிறோமோ தெரியாது.

வாசலுக்கு வந்தபோது நாலு இருபத்திரண்டு. குமரேசன் முன்னமே சொல்லி வைத்திருந்தபடியால் கப்பல் ஆட்கள் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார்கள்.

ரூத் என் கையைப் பிடித்தார். “பிந்திவிட்டேன்.”

“இல்லை, இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.”

“கப்பலைச் சொல்லவில்லை,” என்றார். “நீங்கள் முப்பத்திரண்டு வருடம் எடுக்க வேண்டாம்.”

அவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். குமரேசன் வேர்வையைத் துடைத்தார். “எப்படியோ, சேலத்து மானத்தக் காப்பாத்திட்டோம்கா,” என்றார். பிறகு கதிரையை உருட்டிக்கொண்டு ஃபோர்ட் வீதிக்குப் போனார்.

வரி மாறிய கதை

மறுநாள் கெரி கூப்பிட்டார். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். அப்படி அவர் வைத்து நான் கண்டதில்லை.

“ஒரு ஆளைத் தொலைத்தீர்கள். கண்டுபிடித்தும் விட்டீர்கள். ஏசுவதா பாராட்டுவதா என்று யோசிக்கிறேன்.”

“யோசிக்கிற நேரத்தில் நான் ஒன்று சொல்கிறேன்,” என்று பிளாஸ்டிக் உறையை அவர் முன்னால் வைத்தேன். “முதல் பக்கத்தை இனிச் சொல்லமாட்டேன்.”

ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஹேமி சொன்ன விசயங்களில் பாதி முன்பே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

“பிலோமினா, இந்த ஆட்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். குற்றப்பத்திரிகை கேட்க வருவதில்லை.”

“நான் குற்றம் சொல்லப் போவதில்லை. இருந்தவர்களை இருந்தார்கள் என்று சொல்லப் போகிறேன். அந்த வரி வேண்டும்தான் என்றால், நீங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, இன்றைக்கே என்னை அனுப்பிவிடலாம்.”

சொல்லிவிட்டேன். ரயிலில் வீடு போகும்போதுதான் வீட்டுக்கு எடுத்த மோர்ட்கேஜ் கடன் ஞாபகத்துக்கு வந்தது. பப்பகுரா வண்டியில் வழமை போலச் சனம். யாரோ ஒருவரின் பொரித்த கோழி மணம். மனுரேவாவில் இறங்கிய பிறகும் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. மேடையிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். என் மனுசனிடம் சொன்னபோது அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“கதைக்க விருப்பமான ஆள்தானே கேட்டவ,” என்றார். “இப்ப கதைச்சாச்சு. விடு.”

வியாழன் மாலை கெரியிடமிருந்து குறுஞ்செய்தி. ‘முதல் பக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆட்களை எண்ணுங்கள்.’

எழுதினேன். விடிய விடிய எழுதினேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஹேமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்து, பேனையால் பாதியை வெட்டினார்.

“எங்களில் ஒரு குலம் இல்லை, பல குலங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். எனக்கும் எல்லாம் தெரியாது. பொறுங்கள், மாமி ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.”

திங்கட்கிழமை மாமியின் இரண்டு திருத்தங்களோடு வந்தார். வீதிக்கு அடியில் ஓடும் ஆற்றின் பெயரையும் சொல்லித் தந்தார். வைஹொரொதியு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைச் சொல்லப் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் நாக்குக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இரண்டாம் தரமே சரியாகச் சொன்னேன். ஹேமி புருவத்தை உயர்த்தினார். இந்த நாட்டில் அதற்கு ‘ஓம், சரிதான்’ என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு கப்பல் வந்தது. ஃபோர்ட் வீதியில் பயணிகள் என்னைச் சுற்றி நின்றார்கள். கையைத் தூக்கவில்லை. கீழே காட்டினேன்.

“நீங்கள் இப்போது கடலின் விளிம்பில் நிற்கிறீர்கள்,” என்றேன். “இந்த இடத்துக்கு வள்ளங்கள் வந்து ஏறும். அவற்றைக் கொண்டு வந்தவர்கள் இங்கேயே இருந்தவர்கள். கப்பலில் வந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு கொடுத்தவர்கள்.”

உயரமான ஒரு கிழவர் தன் சப்பாத்தைப் பார்த்து ஓரடி பின்னால் வைத்தார். ஒரு பெண் கழிப்பறை எங்கே என்று கேட்டார். சொன்னேன். ஆற்றின் பெயருக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஆக்லாந்து மழை, கேட்காமல் வருவது. குடைகள் ஒன்றோடொன்று முட்டின.

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஹேமி கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ளே வந்து நின்று சொல்லுங்கள்,” என்றார்.

எல்லாரும் உள்ளே போனோம்.